தடைக்காலத்து இரண்டு மாத வாடகை: ராமநாதபுரம் ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கச்சிமடத்தில் ஒரு இ-சேவைக் கடையில் உட்கார்ந்து மனு எழுதுவது என் பிழைப்பு. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் உங்கள் மேசைக்கு வரும் தாள்களில் என் கையெழுத்து பலமுறை வந்திருக்கும். மனு என்றால் ஒரு பக்கத்தில் முடிய வேண்டும், அதில் கோபம் தெரியக் கூடாது, கடைசியில் 'ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' இருக்க வேண்டும். ஊராருக்கெல்லாம் அப்படித்தான் எழுதிக் கொடுக்கிறேன். மீன்பிடித் தடைக்காலத்தில் வாடகை வீட்டில் இருக்கும் மீனவக் குடும்பங்களுக்கு வாடகையில் ஒரு பங்கை அரசு தர வேண்டும் என்ற என் விஷயம் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை, அதனால் மடலாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். நம் ஊரில் 'வீட்டுக்காரர்' என்றால் தாலி கட்டியவரும் அவர்தான், வாடகை வாங்குபவரும் அவர்தான். குழப்பம் வேண்டாம். இந்த மடலில் வீட்டுக்காரர் என்றால் வாடகை வாங்குபவர். தாலி கட்டியவரைக் கணவர் என்றே எழுதிவிடுகிறேன். அவருக்கு வீடு கிடையாது.

எங்கள் வாடகை மாதம் 4,000 ரூபாய். ஒரு அறை, ஒரு அடுப்படி, மேலே சிமெண்ட் ஷீட். உப்புக்காற்று தின்றதில் சன்னல் கம்பிகள் பென்சில் தடிமனுக்கு இளைத்துவிட்டன. என் சின்ன மகன் ஒருநாள் ஒன்றை வளைத்து எடுத்துவிட்டு, அதையே வாளாக வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். கணவர் ராமேஸ்வரம் துறைமுகத்தில் விசைப்படகுக்குப் போகிறார். திங்கள், புதன், சனி கடலுக்குப் போக அனுமதிச் சீட்டான டோக்கன் கிடைத்தால் கடல். காற்று, வேலைநிறுத்தம், இலங்கைக் கடற்படை பிடித்த செய்தி என்று ஏதாவது ஒன்று வந்தால் அந்த மூன்று நாளும் இரண்டாகும், சில வாரம் ஒன்றுமில்லாமலே போகும்.

அப்புறம் ஏப்ரல் 15 வரும். ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மீன் குஞ்சு பொரித்து வளரட்டும் என்பதற்காக விசைப்படகை நிறுத்துகிறார்கள். அதில் எங்களுக்கு மறுப்பு இல்லை. அரசு குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் அந்தத் தொகையை அறிவித்தார்கள். நானும் கூட்டத்தில் நின்று கைதட்டியவள்தான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். தடைக்காலம் இரண்டு மாதம். வாடகை நான்காயிரம். இரண்டு நான்கு எட்டு. மீதியில்லாமல் வகுபடுகிறது. பள்ளிக்கூடத்தில் ஒரு கணக்குகூட எனக்கு இவ்வளவு சுத்தமாக முடிந்ததில்லை.

போன வருடம் பணம் ஏறிய செய்தி என் போனுக்குக் காலையில் வந்தது. சாயங்காலம் வீட்டுக்காரர் வாசலில் நின்றார். "நிவாரணம் ஏறிருச்சாமேம்மா?" என்றார். கடுமையாகக் கேட்கவில்லை. நல்ல செய்தி விசாரிப்பது மாதிரிதான் கேட்டார். ஏப்ரல் வாடகை பாதி பாக்கி, மே முழுதும் பாக்கி. ஏடிஎம் போய் எடுத்து வந்து கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்த்துவிட்டு, சட்டைப்பையில் இருந்த சிறிய டைரியில் குறித்துக்கொண்டார். எனக்கு ரசீது கிடையாது. அந்த டைரிதான் ரசீது, அது அவரிடமே இருக்கும்.

எங்கள் சுவரை ஒட்டிய வீட்டிலும் விசைப்படகுக் குடும்பம்தான். அவர்களுக்கு அப்பா கட்டிய சொந்த வீடு. அதே 8,000 ரூபாய் அவர்களுக்கும் ஏறியது. அவர்கள் அதில் ஒரு மூட்டை அரிசி வாங்கினார்கள், பள்ளிக்கூடம் திறக்க நோட்டுப் புத்தகம் வாங்கினார்கள். எனக்குப் பொறாமை இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் நான் சொல்ல வருவது வேறு. ஒரே திட்டம், ஒரே தொகை. சுவருக்கு அந்தப் பக்கம் அது சாப்பாடு, இந்தப் பக்கம் அது வாடகை. எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்காக என் கணவர் தடை தொடங்கிய மூன்றாம் நாளே கொல்லம் பக்கம் படகுக்குப் போய்விடுகிறார். ஜூன் இரண்டாவது வாரம் கேரளாவிலும் தடை தொடங்கும், அப்போது திரும்பி வருவார். இங்கே நிறைய வீடுகளில் இதுதான் வழக்கம். மேல்கடலில் மீன் பிடித்துத்தான் கீழ்க்கடல் தடையைத் தாண்டுகிறோம்.

கடற்கரையில் வாடகைக்கு இருப்பவர் யார் என்று கேட்பீர்கள். மீனவன் என்றால் கடலோரத்தில் சொந்தக் குடிசையாவது இருக்கும் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. என் பாட்டி தனுஷ்கோடிக்காரர். 1964 டிசம்பர் புயலோடு அந்த ஊர் போனது. குடியிருக்கத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்தது. அன்றைக்குக் கையில் துணிமூட்டையோடு பாம்பன் பக்கம் வந்தவர்களில் சிலருக்கு இடம் அமைந்தது, சிலர் புறம்போக்கில் கொட்டகை போட்டார்கள், சிலர் இன்னொருவர் தோட்டத்தில் குடியிருந்தார்கள். அறுபது வருடம் கழித்து அந்த மூன்றாம் வகையின் பேத்தி நான். இதுபோக அண்ணன் தம்பி நாலு பேருக்கு ஒரு வீடு என்றால் மூன்று பேர் வெளியே வர வேண்டும். உள்நாட்டிலிருந்து படகு வேலைக்கு வந்தவர்கள், கணவர் கடலில் இறந்துபோன பிறகு மாமியார் வீட்டில் இருக்க முடியாத பெண்கள், மண்டபத்திலிருந்து தொண்டி வரை எந்த ஊருக்குப் போனாலும் இருக்கிறார்கள்.

நம் பக்கத்தில் ஒத்தி என்ற ஏற்பாடு உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு லட்சமோ மூன்று லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது, காலி செய்யும்போது பணம் முழுதும் திரும்ப வரும். கையில் மொத்தப் பணம் உள்ளவர் வாடகை இல்லாமல் குடியிருக்கிறார், இல்லாதவர் மாதாமாதம் கொடுத்து ஒன்றும் திரும்பப் பெறாமல் போகிறார். இதை யோசித்துக்கொண்டே எத்தனையோ ஒத்திப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லி என்னிடமே பலர் வருகிறார்கள். வீட்டுக்கு மூன்றரை லட்சம், 360 சதுர அடி. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் முதல் கேள்வியே பட்டா. மனை இல்லாதவருக்கு வீடு கட்ட உதவி என்பது, படகு இல்லாதவனுக்கு டீசல் மானியம் மாதிரி. ராமேஸ்வரத்தில் மனை வாங்கலாம் என்று யாராவது சொன்னால் சிரிப்புத்தான் வருகிறது. கோயிலைச் சுற்றி மாத வாடகைக்கு விட்டிருந்த வீடுகளில் சில இப்போது நாள் வாடகை அறைகளாகிவிட்டன. ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் ஒரு அறைக்கு இரண்டு நாளில் கிடைப்பது எங்கள் ஒரு மாத வாடகை. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்து ரயில் மறுபடி ஓடத் தொடங்கியதில் ஊருக்குச் சந்தோஷம்தான். எங்கள் தெரு வீட்டுக்காரர்களும் அந்தச் சந்தோஷத்தில் ஆளுக்கு ஐந்நூறு ஏற்றினார்கள்.

சரி, வாடகைக்கு அரசு உதவுவது நம் நாட்டில் வழக்கமில்லையே என்று கோப்பில் எழுதுவார்கள். நான் நம்ப மாட்டேன். உங்கள் அலுவலகத்தில் என் மனுவுக்கு முத்திரை குத்தும் எழுத்தருக்குச் சம்பளச் சீட்டில் வீட்டு வாடகைப்படி என்று ஒரு வரி உண்டு. ஊரின் தரத்தைப் பார்த்து அந்தத் தொகை மாறும். தனியார் கம்பெனியில் வாடகைப்படி வாங்குபவருக்குப் பழைய வரி முறையில் வருமான வரிக் கழிவு. அந்தப் படியும் இல்லாமல் வாடகை கொடுப்பவருக்கு அதே முறையில் மாதம் 5,000 ரூபாய் வரை கழிவு. இவையெல்லாம் வாடகைக்கு அரசு செய்யும் உதவி இல்லாமல் வேறு என்ன? வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிப்பவருக்கு அது கிடைக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னும் நேரடியான உதாரணமும் உண்டு. சென்னை போன்ற ஊர்களில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் பழைய அடுக்குமாடிகளை இடித்துப் புதிதாகக் கட்டும்போது, கட்டி முடிக்கும்வரை வெளியே குடியிருக்க ஒரு குடும்பத்துக்கு 24,000 ரூபாய் கருணைத்தொகை தருகிறார்கள். முன்பு 8,000 ஆக இருந்ததை 2021இல் உயர்த்தினார்கள். அதாவது, அரசு ஒரு குடும்பத்தை அதன் வீட்டிலிருந்து சில காலம் நிறுத்தி வைத்தால், அந்தக் காலத்து வாடகைக்கு அரசு பொறுப்பு என்று ஒப்புக்கொண்டாகிவிட்டது. எங்களை வீட்டிலிருந்து நிறுத்தவில்லை, தொழிலிலிருந்து 61 நாள் நிறுத்துகிறீர்கள். அந்த 61 நாளுக்கு வீட்டுக்காரர் வாடகையை நிறுத்துவதில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தடைக்கால நிவாரணம் வாங்கும் குடும்பங்களில் தனியார் வீட்டில் வாடகைக்கு இருப்போருக்கு, நிவாரணத்துக்கு மேல், இரண்டு மாத வாடகையில் ஒரு பங்கு. வங்கிக் கணக்கு ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது, ரேஷன் அட்டை எண் இருக்கிறது, மீனவர் நலவாரிய அட்டை இருக்கிறது. படிவத்தில் 'சொந்த வீடா, வாடகையா' என்று ஒரு கட்டம் சேர்த்தால் போதும். இவ்வளவு வருடம் படிவம் நிரப்புகிறேன், அந்தக் கட்டத்தை மட்டும் பார்த்ததே இல்லை.

கட்டம் வந்தால் அடுத்து என்ன வரும் என்றும் எனக்குத் தெரியும். 'ஆதாரம் இணைக்கவும்.' இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்த ஒரு வரியில்தான் திட்டம் செத்துப்போகும்.

தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வாடகை என்றால் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், முன்பணம் பொதுவாக மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. தாளில் எல்லாம் அழகு. போன மாதம் பாம்பனிலிருந்து ஒரு அக்கா வந்தார். அவர் கணவர் இலங்கைச் சிறையில். ரேஷன் அட்டையை முகவரி மாற்ற வேண்டும். "வாடகை ஒப்பந்தம் இருக்காக்கா?" என்று கேட்டேன். அவர் பையைத் திறந்து ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். ஆதார், கேஸ் புத்தகம், பிள்ளையின் தடுப்பூசி அட்டை, பழைய வீட்டு முகவரி போட்ட வாக்காளர் அட்டை. கடைசியாக ஒரு சாவி. "இதுதான் இருக்கு" என்றார். விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகவே அதையும் ஆதாரம் என்று நினைத்தாரா, எனக்கு இன்னும் புரியவில்லை. சாவி வளையத்தில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் மீன் தொங்கியது.

அவருடைய வீட்டுக்காரரிடம் நானே போனில் பேசினேன். "பேப்பர்ல கையெழுத்துப் போட்டா அப்புறம் காலி பண்ண மாட்டாங்கம்மா, எனக்குத் தெரியாதா?" என்றார். பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டக் காலத்தில் மதுரையில் அவருடைய உறவினர் ஒருவர் தன் வீட்டை மீட்க வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்தாராம். சொத்துவரி ஏறும், வருமான வரிக்காரன் வருவான் என்ற பயமும் உண்டு. அவரை வில்லனாக எழுத எனக்கு மனம் வரவில்லை. இந்தக் கரையில் ஒரு அறையை வாடகைக்கு விட்டு, அந்த நான்காயிரத்தில் மருந்து வாங்கும் கிழவிகளும் இருக்கிறார்கள். அவர்களும் வீட்டுக்காரர்கள்தான்.

அதனால் ஒப்பந்தப் பத்திரத்தை வாசற்கதவாக வைக்காதீர்கள். கிராம நிர்வாக அலுவலர் ஒரு நடை வந்து பார்த்தால் யார் சொந்தம், யார் வாடகை என்று தெரு சொல்லிவிடும். ஒரே ரேஷன் அட்டை முகவரியில் இரண்டு அடுப்பு எரிவதை அவர்கள் அறியாதவர்கள் இல்லை. பத்திரம் கொடுக்கும் வீட்டுக்காரருக்கு அந்த வருடம் சொத்துவரியில் சின்னதாக ஒரு சலுகை கொடுத்துப் பாருங்கள், தானாகப் பத்திரம் வரும். மிரட்டினால் வராது. எங்களைத்தான் காலி செய்யச் சொல்வார்கள்.

மனு ஏறும் நேரத்தில் இணையம் சுற்றிக்கொண்டே நிற்கும். அப்போது மற்ற நாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று போனில் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் 1974 முதலே ஒரு ஏற்பாடு. குடும்பம் தன் வருமானத்தில் ஏறக்குறைய 30 சதவீதத்தை வாடகைக்குக் கொடுக்கும், மீதியை அரசே நேராக வீட்டுக்காரருக்குக் கட்டும். அதற்கு முன் அதிகாரி வந்து வீடு குடியிருக்கத் தக்கதா என்று பார்ப்பார். எங்கள் சன்னல் கம்பியைப் பார்த்தால் என்ன எழுதுவாரோ! ஆனால் தகுதி உள்ள எல்லாருக்கும் அங்கே கிடைப்பதில்லை, பட்டியலில் வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அரசின் இந்த வாடகை உதவிச் சீட்டோடு வருபவருக்கு வீடு தர மறுக்கும் உரிமையாளர்களும் உண்டாம்.

பிரிட்டனில் வேறு மாதிரி. ஒவ்வொரு பகுதியிலும் தனியார் வீடுகளின் வாடகையைக் கீழிருந்து மேலாக அடுக்கி, நூற்றில் முப்பதாவது இடத்தில் எந்த வாடகை வருகிறதோ, அதை உதவியின் உச்சவரம்பாக வைக்கிறார்கள். எனக்கு இந்த முறை பிடித்தது. வீட்டுக்காரர் தன் வாடகையை ஏற்றினாலும் உதவி அதோடு ஏறாது. பக்கத்துத் தெருவில் மலிவாக வீடு எடுத்தவருக்கும் நஷ்டமில்லை. பிழை எங்கே என்றால், 2016இலிருந்து நாலு வருடம் அந்தத் தொகையை அப்படியே உறைய வைத்தார்கள், 2020இல் ஒருமுறை ஏற்றிவிட்டு மறுபடி 2024 வரை உறைய வைத்தார்கள். இடையில் வாடகை ஏறிக்கொண்டே போனது, துண்டு விழுந்ததைக் குடியிருப்பவர் கையிலிருந்து கொடுத்தார். நம் ஊரில் அரசாணையில் ஒரு தொகை அச்சானால் அது எத்தனை வருடம் அப்படியே நிற்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ராமேஸ்வரத்து வாடகையும் முள்ளிமுனை வாடகையும் ஒன்றில்லை. ஊருக்கு ஊர் பார்த்து வரம்பு வையுங்கள், ஒவ்வொரு ஏப்ரலும் திருத்துங்கள்.

பணத்தை யார் கையில் கொடுப்பது என்பதில் என் கருத்து கொஞ்சம் கோணலானது. வீட்டுக்காரர் கணக்கில் நேராகப் போடலாம் என்று பலர் சொல்வார்கள். வேண்டாம். அவர் பெயர் அரசுப் பட்டியலில் ஏறும் என்று தெரிந்த அன்றே எங்களுக்குக் கதவு சாத்தப்படும். குடும்பத் தலைவி கணக்கில் போடுங்கள். மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் 2023 செப்டம்பரிலிருந்து அப்படித்தான் வருகிறது. அந்தக் கணக்குகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

ஒரு வேண்டுகோள், இதை மேடையில் வாய்வார்த்தையாக மட்டும் அறிவித்துவிடாதீர்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு தொடங்கியபோது, கொடுக்க முடியாத ஏழைகளின் வாடகையை அரசு கட்டும் என்று டெல்லி முதல்வர் சொன்னார். ஜனங்கள் நம்பினார்கள். பணம் வராததால் கோர்ட்டுக்குப் போனார்கள். 2021 ஜூலையில் உயர் நீதிமன்ற நீதிபதி அந்த வாக்குறுதி அரசைக் கட்டுப்படுத்தும், அதைப் பற்றி ஆறு வாரத்தில் அரசு முடிவெடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது. அந்த வாடகையெல்லாம் யார் கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

நிவாரணப் பட்டியலிலேயே இல்லாதவர்கள் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் முடித்தால் என் வாடிக்கைக்காரர்கள் என்னைச் சும்மா விட மாட்டார்கள். படகு நின்றால் ஐஸ் கம்பெனியில் கட்டி உடைப்பவருக்கு வேலை இல்லை, நண்டு கம்பெனியில் சதை உரிக்கும் பெண்களுக்கு வேலை குறைகிறது, துறைமுகத்தில் கூடை தூக்குபவர் திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். இவர்களில் வாடகைக்கு இருப்பவர்கள்தான் அதிகம் என்பதை என் கடைக்கு வரும் மனுக்களை வைத்துச் சொல்கிறேன். இவர்கள் மீனவர் பட்டியலில் இல்லை, அதனால் 8,000மும் இல்லை. இந்த வருடமே இவர்களையும் சேருங்கள் என்று கேட்டால், கோப்பு இன்னும் தடித்து நகராமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. முதல் வருடம் அந்த ஒரு கட்டத்தை மட்டும் சேருங்கள். இவர்களின் பட்டியலை எடுக்க ஆள் இல்லை என்றால் நான் இருக்கிறேன். பேர் பேராக எழுதித் தருகிறேன், கூலி வேண்டாம்.

வருகிற திங்கட்கிழமை இதே விஷயத்தை ஒரு பக்க மனுவாகவும் கொண்டு வருகிறேன். அதில் கோபம் இருக்காது.

இப்படிக்கு,
மனு எழுதுபவள்,
தங்கச்சிமடம்.

பி.கு: எங்கள் வீட்டுக்காரரும் இதைப் படிப்பார், அவர் மகன் போனில் காட்டிவிடுவான். அண்ணே, உங்களைத் தப்பாக ஒன்றும் எழுதவில்லை. சன்னல் கம்பி விஷயம் உள்ளதுதான். குளியலறைக் கதவுக் கீலும் துருப்பிடித்துக் கழன்றுவிட்டது, தை மாதமே சொன்னேன். அதை மட்டும் இந்த ஐந்தாம் தேதி வரும்போது ஆளோடு வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.